பெஞ்சுக்காரிகளும் வைக்கோல் பொம்மையும்

உடற்பயிற்சி ஆசிரியர் எமில் காவ்ரோனின் மேஜை இழுப்பறையில் ஒரு ஷூ டப்பா இருந்தது. ஷூ தேய்ந்து போய் நாளாகிவிட்டது. இப்போது அதில் இருந்தவை சீட்டுகள். இந்த மாணவியை உடற்பயிற்சி வகுப்பிலிருந்து விலக்கவும் என்ற ஒரு வரி, ஒரு காரணம், கீழே டாக்டர் புஸ்தெல்னிக்கின் கையெழுத்து. டாக்டர் யார் எதைக் கேட்டாலும் மறுக்கத் தெரியாத மனிதர்.

எமிலின் குழுவில் பத்தொன்பது பெண்கள். பதினைந்து, பதினாறு வயது. பதினான்கு பேருக்குச் சீட்டு இருந்தது. எட்டு பேருக்கு முட்டி. மூன்று பேருக்கு முதுகு. ஒருத்திக்கு ஆஸ்துமா; அது நிஜம், அவளுக்காக எமில் தன் பையில் ஒரு மூச்சு மருந்து கூடுதலாக வைத்திருந்தான். ஒருத்திக்குக் குளோரின் ஒவ்வாமை. பள்ளியில் நீச்சல் குளம் கிடையாது. ஊரிலேயே கிடையாது. அந்தச் சீட்டை மட்டும் அவன் இரண்டு முறை படித்துவிட்டு மரியாதையோடு டப்பாவில் வைத்தான்.

பதினான்காவது சீட்டு யாகோதாவுடையது. 'பொதுவான பலவீனம்' என்று எழுதியிருந்தது. போன மாதம்தான் அவளும் அவள் அப்பாவும் ஒரு துணி துவைக்கும் எந்திரத்தை மூன்றாவது மாடிக்குத் தூக்கிப் போனார்கள். எமில் அதே கட்டிடத்தில் இரண்டாவது மாடி. எந்திரம் போவதற்குச் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டவன் அவன்தான். எடை குறைவான முனையை அப்பா பிடித்திருந்தார்.

சீட்டுக்காரிகளுக்கென்று கூடத்தின் சுவரோரம் ஒரு நீள பெஞ்சு உண்டு. வாரம் மூன்று வகுப்பு அங்கே உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறிப்பார்கள். மீதி ஐந்து பேரும் நடுவில் ஒரு பந்தை வைத்துக்கொண்டு, விருந்துக்கு முன்னாலேயே வந்துவிட்டவர்களைப் போல நிற்பார்கள்.

"விதை வேணுமா சார்?" என்று அந்தத் திங்கட்கிழமை கேட்டாள் ப்ளாங்கா. பள்ளி அலுவலகச் செயலாளரின் மகள்.

"வேண்டாம். முட்டி எப்படி இருக்கு?"

"எந்த முட்டி சார்?"

"சீட்டுல எழுதியிருக்கற முட்டி."

ப்ளாங்கா யோசித்தாள். "இடதுன்னு நினைக்கிறேன். அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்."

பக்கத்தில் யாகோதா சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். "சாரைத் தொந்தரவு பண்ணாதேடி. அவர் அஞ்சு பேரை வச்சு மேய்க்கணும்" என்றாள்.

அன்று மதியம் தலைமையாசிரியை பொகுமீலா அவனைக் கூப்பிட்டார். நல்ல பெண்மணி. எதையும் எண்ணிப் பார்க்காமல் நம்பமாட்டார். ஆசிரியர் அறையில் தேநீர்க் கரண்டிகளைக்கூட மாதம் ஒருமுறை எண்ணுவார்.

"எமில் சார், ஒரு குழுவுக்குக் குறைஞ்சது பன்னிரண்டு பேர் ஆடணும். உங்ககிட்ட அஞ்சு பேர் ஆடறாங்க. வெள்ளிக்கிழமை நானே வந்து எண்ணுவேன். பன்னிரண்டு இல்லைன்னா செப்டம்பர்ல இருந்து இந்தக் குழுவை இன்னொண்ணோட சேர்த்துடறேன்."

"அப்ப நான்?"

"பாதி வேலை இங்க. மீதிப் பாதியை வேற ஊர்ல தேடிக்கணும்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க அம்மா ராதோம்லதானே இருக்காங்க? அங்க பள்ளிக்கூடம் நிறைய இருக்கே."

எமிலின் அம்மாவும் இரண்டு வருடமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அவன் மனைவி ஈதா இறந்த மறுவாரத்திலிருந்து ஞாயிறு தவறாமல் தொலைபேசியில் கூப்பிட்டு, அவனுடைய பழைய அறையில் படுக்கை விரிப்பு மாற்றிவிட்டதாகத் தெரிவிப்பார். நூறு விரிப்பாவது மாற்றியிருப்பார். எமில் முப்பத்தொரு வயதுக்காரன். அந்த அறைச் சுவரில் இன்னும் டைனோசர் படம் இருந்தது. இங்கே மாடிப்படிக்குக் கீழே ஈதாவின் சைக்கிள் நின்றது. போவதென்றால் அதை என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டும். அவனுக்கு எந்த முடிவும் எடுக்கப் பிடிக்கவில்லை. அதனால் பன்னிரண்டு பேர் வேண்டும். ஐந்து போக ஏழு.

மறுநாள் மார்ச் இருபத்தொன்று. வசந்தத்தின் முதல் நாள். அன்று வகுப்பைக் கட் அடிப்பது மாணவர்களின் எழுதாத உரிமை. அதைத் தடுக்கப் பள்ளி ஒரு வழி வைத்திருந்தது: ஒவ்வொரு குழுவும் மர்ஸான்னாவை ஆற்றில் விட்டு வர வேண்டும். மர்ஸான்னா என்றால் வைக்கோல் பொம்மை. போகாமல் அடம்பிடிக்கும் குளிர்காலம் அவள்தான். கொளுத்தி, தண்ணீரில் எறிந்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வர வேண்டும். தண்ணீரில் போனவளைத் தொட்டால் கை வாடும். திரும்பிப் பார்த்தால் வருடம் முழுக்க நோய். கடைசியாக வருபவரின் வீட்டில் குளிர் போய் உட்காரும் என்று இந்த ஊரில் கூடுதலாக ஒன்று சொல்வார்கள்.

"ஆத்துக்கு நடக்கணுமா சார்?" என்றாள் யாகோதா. "சீட்டு இருக்கே."

"இது உடற்பயிற்சி இல்லை. பண்பாடு. பண்பாட்டுக்கு யாரும் சீட்டு வாங்கலை. பார்த்துட்டேன்."

பெஞ்சில் விதை கொறிப்பது நின்றது. டாக்டர் புஸ்தெல்னிக்கிடம் கேட்கத் தோன்றாமல் போன ஒரே சீட்டு அது.

ஆஸ்துமாக்காரி மட்டும் அன்று வீட்டில் இருந்தாள். மற்ற பதினெட்டு பேரும் கிளம்பினார்கள். பொம்மை ஆள் உயரம் இருந்தது. பெஞ்சுக்காரிகள்தான் செய்தார்களாம். வெள்ளை பனியனும் கறுப்பு அரைக்கால் சட்டையும் போட்டு, கழுத்தில் பாசிமணி. பனியனில் பள்ளியின் சின்னம், நீல மீன்.

"இது பயிற்சி உடுப்பாச்சே" என்றான் எமில்.

"என்னோடதுதான் சார்" என்றாள் யாகோதா. "குளிரோட அதுவும் போகட்டும். அலுவலகத்துல புதுசு கேட்டா ரெண்டு மாசம் ஆகும். உடுப்பு இல்லாம கூடத்துக்குள்ள விடக்கூடாதுன்னு தலைமையாசிரியை போட்ட விதி. நான் என்ன பண்றது."

சீட்டு காலாவதியானாலும் தாங்கும்படி ஏற்பாடு செய்திருந்தாள். எமிலுக்குக் கோபம் வரவில்லை. இவ்வளவு முன்யோசனை உள்ள பெண் பந்தை எங்கே எறிவாள் என்று பார்க்க ஆசையாக இருந்தது.

ஊர்ப் பாலத்தில் சின்னப் பள்ளிப் பிள்ளைகள் நாற்பது பேர் நாற்பது குட்டிப் பொம்மைகளோடு நின்றிருந்தார்கள். இடமில்லை. சரி, பழைய படகுத்துறைக்குப் போவோம் என்றான் எமில். ஆற்றின் மேல்புறம், மூன்று கிலோமீட்டர். ஒருத்தியும் மறுக்கவில்லை. அவன் ஆச்சரியப்பட்டான். துறைக்குப் பக்கத்தில் பேருந்து நிறுத்தமும் கேக் கடையும் இருப்பது அப்போது அவன் நினைவுக்கு வரவில்லை.

நரேவ் ஆறு பனி உருகிய தண்ணீரோடு வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. முட்டிச் சீட்டுக்காரி நெலா தீக்குச்சி உரசினாள். பொம்மை குப்பென்று பற்றியது. நான்கு பேர் தூக்கி எறிந்தார்கள். அவர்களில் மூன்று பேருக்கு முதுகுவலிச் சீட்டு. நல்ல தூரம் போய் விழுந்தது.

"இப்ப நீங்க முன்னாடி போங்க சார்" என்றாள் யாகோதா. "பெரியவங்கதான் முதல்ல போகணும். திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தா வீட்டுல யாருக்காவது ஏதாவது ஆகும்."

"வீட்டுல நான் மட்டும்தான் இருக்கேன்."

ஒருத்தி குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டத் தொடங்கினாள். பிறகு நெலா மெதுவாக, "அப்ப உங்களுக்குத்தான் ஆகும் சார். மூக்கு ஒழுகும். பார்க்காதீங்க" என்றாள்.

எமில் கரைப்பாதையில் முன்னால் நடந்தான். பின்னால் பதினெட்டு பேரின் காலடி. கொஞ்ச தூரத்தில் அது பதினைந்து மாதிரி கேட்டது. பிறகு பன்னிரண்டு மாதிரி. கேக் கடை இப்போது நினைவுக்கு வந்தது. சொந்தச் சம்பிரதாயத்தை வைத்தே கண்ணைக் கட்டிவிட்டார்கள். கழுத்தைத் திருப்பினால் போதும், எல்லோரும் அகப்படுவார்கள். திருப்பினால் தோற்றான். நடந்தான்.

அப்போதுதான் ப்ளாங்காவின் குரல் கேட்டது.

"அது கூடவே வருதுடி."

"எது?"

"அவதான். மர்ஸான்னா. தண்ணியில. நான் திரும்பலை, பக்கவாட்டுலதான் பார்த்தேன்."

எமில் கடைக்கண்ணால் ஆற்றைப் பார்த்தான். நெருப்பு அணைந்திருந்தது. கருகிய வைக்கோல் தலையும், வெள்ளை பனியனும், மார்பில் நீல மீனுமாக மர்ஸான்னா மல்லாக்க மிதந்து, அவர்களுக்குச் சற்றுப் பின்னால், ஊரை நோக்கி வந்துகொண்டிருந்தாள்.

குளிரை ஆற்றோட்டத்தில் ஊருக்குக் கீழே போய்த்தான் விட வேண்டும். தண்ணீர் அதை வெளியே கொண்டுபோகும். இவர்கள் ஊருக்கு மேலே போய் விட்டிருந்தார்கள். ராதோம்காரன் எமிலுக்கு இது தெரியாது. தெரிந்தவர்கள் கேக்கைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஊருக்குள்ளயே அனுப்பிட்டோம்டி" என்றாள் நெலா.

"நம்மளை முந்திட்டா?"

"முந்தினா நாமதான் கடைசி. பதினெட்டு பேர் வீட்டுலயும் உட்காரும்."

"இதெல்லாம் சும்மா" என்றது யாகோதாவின் குரல். "நான் நம்பலை."

"நானும்தான் நம்பலை" என்றாள் ப்ளாங்கா. ஆனால் அவள் குரல் முன்னைவிடப் பக்கத்தில் கேட்டது.

காலடிகள் வேகமாயின. நிறுத்தத்துக்கு நழுவியவர்களும் விஷயம் கேட்டு ஓடி வந்து சேர்ந்தது தெரிந்தது. நடை விறுவிறுப்பாகி ஓட்டமாக மாறியபோது யாரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. முதலில் நெலா எமிலைத் தாண்டினாள். பிறகு ப்ளாங்கா, இரண்டு முட்டியும் பழுதில்லாமல். பிறகு முதுகுகள் மூன்றும் வரிசையாக. குளோரின் ஒவ்வாமை அவனைத் தாண்டும்போது "மன்னிச்சுக்கோங்க சார்" என்றது. கடைசியாக யாகோதா. நம்பாதவள் வேகமாகத்தான் போனாள்.

எமில் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. தேவைப்படவில்லை. அவனுக்கு முன்னால் பதினெட்டு முதுகுகள் குதித்துக்கொண்டு போயின. அவனும் ஓடினான். இரண்டு வருடமாக அவன் ஓடியதில்லை. விசில் மட்டும் ஊதியிருந்தான். ஒரு கிலோமீட்டர் தாண்டியதும் விலாவில் பிடித்தது. சீட்டு இருந்தால் தேவலை என்று நினைத்தான்.

பாலத்தின் மேல் எல்லோரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்கள். முகங்கள் பீட்ரூட் நிறம். எமில் கடைசியாக ஏறினான். ஏறியவன், யாராவது விடுபட்டிருக்கிறார்களா என்று, ஒன்பது வருட வாத்தியார் பழக்கத்தில், திரும்பிப் பார்த்தான்.

பாதையில் யாருமில்லை. ஆற்றில் வெள்ளை பனியன் மெதுவாக வந்து பாலத்தூணில் முட்டி, கரையோரக் குப்பையோடு நின்றது.

"சார் பார்த்துட்டார்" என்றாள் நெலா.

பதினெட்டு பேரும் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"கடைசியாவும் வந்தார்" என்றாள் ப்ளாங்கா. "ரெண்டும் அவருக்கே."

புதன்கிழமை பெஞ்சு பழையபடி நிறைந்திருந்தது. ஆனால் விதை கொறிக்கும் சத்தம் இல்லை. ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது.

"பாலத்தை முதல்ல தொட்டது நான்" என்றாள் நெலா.

"கைப்பிடியைத் தொட்டே. பாலத்துல கால் வச்சது நான்" என்றாள் ப்ளாங்கா.

"உனக்குத்தான் முட்டி சரியில்லையே."

"இடதுதான் சரியில்லை. நான் வலது காலை வச்சேன்."

இருவரும் எமிலிடம் திரும்பினார்கள். "சார், நீங்க சொல்லுங்க. யார் முதல்ல?"

"எனக்கென்ன தெரியும். பதினெட்டு முதுகு தெரிஞ்சுது. முதுகுல பேர் எழுதியிருக்கலை." அவனுக்குக் குரல் கரகரத்தது. காலையிலிருந்து மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. "வேணும்னா இங்கயே ஓடிப் பாருங்க. அந்தச் சுவர்ல இருந்து இந்தச் சுவர். நான் சீட்டு எதையும் பார்க்கலை."

நெலா எழுந்தாள். ப்ளாங்காவால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. நெலா ஜெயித்தாள். தன் காலணி வழுக்கிவிட்டது, செல்லாது என்றாள் ப்ளாங்கா. மறுபடி ஓடினார்கள். யார் பக்கம் என்பதில் பெஞ்சு இரண்டாகப் பிளந்தது. நியாயம் கேட்க எழுந்த முதுகுவலிக்காரி ஒருத்தி, பேச்சில் பயனில்லை என்று தானும் ஓடினாள். ஆஸ்துமாக்காரி எமிலிடமிருந்து ஸ்டாப்வாட்ச்சை வாங்கிக்கொண்டு நடுவராக நின்றாள். மணி அடித்தபோது எட்டு பேர் வியர்த்திருந்தார்கள். ஐந்தும் மூன்றும் எட்டு. எமில் மனதுக்குள் கூட்டினான். இன்னும் நான்கு.

யாகோதா பெஞ்சிலிருந்து அசையவில்லை. "உடுப்பு ஆத்துல இருக்கு சார்" என்று மட்டும் சொன்னாள். சொன்ன விதத்தில் பழைய நிம்மதி இல்லை.

அன்று சாயங்காலம் ப்ளாங்காவின் அம்மா சாப்பாட்டு மேஜையில், வெள்ளிக்கிழமை பன்னிரண்டு பேர் ஆடாவிட்டால் செப்டம்பரில் காவ்ரோன் சார் ராதோம் போய்விடுவார் போலிருக்கிறது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். செயலாளர்கள் வாய்தவறிச் சொல்வதற்காகவே ஊர்கள் காத்திருக்கின்றன. எட்டு மணிக்குள் பத்தொன்பது வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. அவர்களுக்குத் தெரியும் என்பதை எமிலுக்கு மட்டும் யாரும் தெரிவிக்கவில்லை.

அவன் வியாழன் முழுக்கக் காய்ச்சலில் படுத்திருந்தான். யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தபோது ஆளில்லை. வாசலில் ராஸ்பெரி பாகு ஒரு புட்டி இருந்தது. தேநீரில் ஊற்றிக் குடித்தான்.

வெள்ளிக்கிழமை அவன் கூடத்துக்கு வந்தபோது குரல் சுத்தமாகப் போயிருந்தது. கழுத்தில் மூன்று சுற்று கம்பளித் துண்டு. பெஞ்சைப் பார்த்தான். ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கூடத்தின் நடுவில் எண்ணினான். பதினொன்று. பத்தொன்பதாவது ஆளைக் காணோம். யாகோதா வரவில்லை.

பதினொன்று. பெஞ்சில் இருந்தவர்களில் ஒருத்திக்கு நிஜ ஆஸ்துமா. மற்ற ஆறு பேரும் டாக்டர் புஸ்தெல்னிக்கை அவமதிக்க மனமில்லாதவர்கள். எமில் அவர்களைப் பார்த்தான். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். கெஞ்சலாமா என்று நினைத்தான். கெஞ்சக் குரல் வேண்டும்.

நெலா அவனிடம் வந்து ஒரு காகிதத்தை நீட்டினாள். "முதல்ல நீங்க உட்காருங்க சார். எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கோம்."

'எமில் காவ்ரோன் அவர்களை இன்று உடற்பயிற்சி வகுப்பிலிருந்து விலக்கவும். காரணம்: திரும்பிப் பார்த்தார்.'

கீழே பத்தொன்பது கையெழுத்துகள். யாகோதாவுடையதும் இருந்தது. எமில் அதைச் சற்று நேரம் பார்த்தான். பிறகு போய் பெஞ்சில் உட்கார்ந்தான். ஆஸ்துமாக்காரி நகர்ந்து இடம்கொடுத்து, கைநிறைய விதை தந்தாள்.

தலைமையாசிரியை பொகுமீலா குறிப்பேடும் பேனாவுமாக உள்ளே வந்தார். வாசலிலேயே நின்று விரலால் எண்ணினார். திருப்தியில்லாமல் மறுபடி எண்ணினார்.

"பதினொன்று" என்றார். அவருக்கும் அது பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. ஆனால் கரண்டிகள் விஷயத்திலும் அவர் இப்படித்தான், பிடிக்காவிட்டாலும் எழுதிவிடுவார். பேனாவைத் திறந்தார்.

அவருக்குப் பின்னால் கதவு திறந்தது. யாகோதா வந்தாள். மூச்சு வாங்கியது. வெள்ளை பனியன் இப்போது வெள்ளையில்லை; துவைத்துத் துவைத்தும் போகாத ஆற்றுச் சேற்றின் பழுப்பு. அதன் ஒரு கை பாதி எரிந்து ஓரம் கறுத்திருந்தது. மார்பில் நீல மீன் வாலில்லாமல் நீந்தியது. அவளோடு ஒரு புகை வாசனையும் வந்தது.

"மன்னிக்கணும் மேடம். காயலை, இஸ்திரி போட்டுக்கிட்டு இருந்தேன்."

தலைமையாசிரியை அவளை மேலும் கீழும் பார்த்தார். "என்ன இது?"

"பயிற்சி உடுப்பு. சின்னம் இருக்கு பாருங்க."

"எரிஞ்சிருக்கே."

"எரிஞ்ச உடுப்பு கூடாதுன்னு விதியில இல்லை மேடம். படிச்சுட்டுத்தான் வந்தேன்."

தலைமையாசிரியை குனிந்து மீன் சின்னத்தைப் பார்த்தார். விதியை எழுதியவர் அவரே. குறிப்பேட்டில் பன்னிரண்டு என்று எழுதி அடிக்கோடு போட்டார். போகும்போது பெஞ்சருகே நின்றார்.

"எமில் சார், நீங்க ஏன் உட்கார்ந்திருக்கீங்க?"

எமில் பேசாமல் சீட்டை நீட்டினான். அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். கையெழுத்துகளைப் பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்.

"ஒரு நாளைக்குத்தான் போட்டிருக்காங்க" என்றார். "திங்கட்கிழமை எழுந்துடுங்க."

அவர் போன பிறகு பந்தாட்டம் தொடங்கியது. நெலா ஒரு அணி, ப்ளாங்கா ஒரு அணி. பாலத்து வழக்கு இன்னும் முடியவில்லை. யாகோதா பந்தை எடுக்க பெஞ்சுப் பக்கம் வந்தாள். எமில் அவள் பனியனைக் காட்டி, மிச்சமிருந்த குரலில் கேட்டான்.

"எப்படி எடுத்தே?"

"அப்பாவோட தூண்டில் எட்டலை. இறங்கிக் கையாலதான் எடுத்தேன். முழங்கால் வரைக்கும் தண்ணி."

"தண்ணியில போனதைத் தொட்டா கை வாடிடுமே."

யாகோதா தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். விரல்களை மடக்கி நீட்டினாள்.

"வாடினா டாக்டர்கிட்ட சீட்டு வாங்கிக்கறேன் சார்" என்று சொல்லிவிட்டு, பந்தை ப்ளாங்காவின் இடது முட்டியைக் குறிவைத்து எறிந்தாள். சரியாகப் பட்டது.